பச்சைக் குறிக்கு அப்பால்: மரபு நெல் விற்கும் ஒரு தளத்தில் சந்தைப்படுத்தல் தானியக்கச் சேவையை இணைத்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

திருவாரூர் மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள சில ஊர்களில் மரபு நெல் பயிரிடும் உழவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து இயங்குகிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, பூங்கார், சீரகச் சம்பா ஆகியவற்றை அரிசியாகவும் விதைநெல்லாகவும் விற்பதற்கு அவர்களுக்கு ஓர் இணையதளம் உண்டு. அந்தத் தளத்தோடு, வாடிக்கையாளர்களுக்கு மடல்களைத் தானாக அனுப்பும் ஒரு சந்தைப்படுத்தல் தானியக்கச் சேவையைப் பிளகின் எனப்படும் செருகுநிரல் ஒன்றின் வழியாக இணைத்தார்கள். இணைத்த அன்றே அமைப்புப் பக்கத்தில் ‘இணைக்கப்பட்டது’ என்ற பச்சைக் குறி தோன்றிவிட்டது. ஆயினும் அதற்குப் பின் வந்த பருவத்தில், சென்னையில் சமையலுக்கு அரிசி வாங்கிய குடும்பங்களுக்கு நாற்றங்கால் தயாரிப்பு பற்றிய மடல்கள் சென்றன. விதைநெல் கேட்டுப் பதிந்த உழவர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே செல்லவில்லை. இனி வேண்டாம் என்று விலகியவர்களுக்கு மறுபடியும் மடல் போனது. கும்பகோணத்திலிருந்து இத்தகைய தளங்களைப் பராமரிக்கும் எங்களிடம் குழு உதவி கேட்டது. அப்போது கண்டவற்றையும் செய்தவற்றையும், இதே வேலையில் இறங்கும் பிற உழவர் குழுக்களுக்கும் சிறு விற்பனையாளர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில், இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

பச்சைக் குறி என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மென்பொருள்கள் தகவல் பரிமாறும் வழியே ஏபிஐ; அதற்கான கடவுச்சொல் போன்று செருகுநிரலில் நாம் இட்ட ஏபிஐ சாவியைச் சேவையின் சர்வர் ஏற்றுக்கொண்டது என்பது மட்டுமே அதன் பொருள். எந்தத் தகவல் எந்தப் புலத்திற்கு (பெயர், எண் போன்ற விவரத்திற்கான கட்டத்திற்கு) போகிறது, யாருடைய ஒப்புதலோடு போகிறது, எப்போது போகிறது, அனுப்பிய மடல் உரியவரின் அஞ்சல்பெட்டியில் சேர்கிறதா என்பவற்றில் எதையும் அந்தக் குறி அறியாது. மேட்டூர் அணை திறந்த செய்தி வந்தவுடன் கடைமடை வயலில் நீர் ஏறிவிட்டதாக இங்கே யாரும் எண்ணுவதில்லை. இடையிலுள்ள ஆறு, வாய்க்கால், மடை ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தாக வேண்டும். தளத்திற்கும் சேவைக்கும் இடையிலான வழியையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இணைப்பின் அமைப்பு

தளம், இணையதளங்களை உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அமைந்தது. விற்பனைக்கு அதனோடு சேரும் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருள் பயன்பட்டது. தானியக்கச் சேவை என்பது வாடிக்கையாளர் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒருவர் படிவம் நிரப்பினாலோ, பொருள் வாங்கினாலோ, வாங்கத் தொடங்கிப் பாதியில் விட்டாலோ, குறித்த காலம் கடந்தாலோ, முன்பே வகுத்த விதிப்படி மின்னஞ்சலையோ குறுஞ்செய்தியையோ தானாக அனுப்பும் ஏற்பாடு. மெயில்சிம்ப், பிரெவோ, ஹப்ஸ்பாட் போன்றவை நிறுவனங்கள் நடத்தும் சேவைகள். மாட்டிக் என்பது நம் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள். குழு தேர்ந்தெடுத்தது எது என்பதை இங்கே குறிப்பிடவில்லை. ஏனென்றால் கீழே வரும் சிக்கல்களில் ஒன்றுகூட அந்தச் சேவைக்கு மட்டும் உரியதன்று.

எந்தச் சேவையை எடுத்தாலும் செருகுநிரல் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. தளத்தில் ஒரு நிகழ்வு நடக்கும்போது அதைப் பிடித்து, தேவையான தகவல்களைத் திரட்டி, சேவையின் ஏபிஐ முகவரிக்கு அனுப்புகிறது. மறுதிசையில், சேவையில் ஒருவர் விலகினால் அல்லது அவருடைய முகவரி செல்லாததாகிவிட்டால் அந்தச் செய்தியை வெப்ஹுக் எனப்படும் அழைப்பு வழியாகத் தளத்திற்குக் கொண்டுவருகிறது. போகும் திசையைப் பற்றியே எல்லாரும் நினைக்கிறார்கள். வரும் திசை அறுந்திருந்தால் நெடுநாள் யாருக்கும் தெரிவதில்லை.

ஒரே முகவரியில் பல உழவர்கள்

விதைநெல் கேட்ட உழவர்களுக்கு ஏன் மடல் போகவில்லை என்பதே குழுவின் முதற் கேள்வி. அதற்கான விடை நிரலில் இல்லை. படிவத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதில் இருந்தது.

வூகாமர்ஸின் கட்டணப் பக்கம் மின்னஞ்சல் முகவரியை இயல்பாகவே கட்டாயமாக்கியிருக்கும். பெரும்பாலான தானியக்கச் சேவைகள் அந்த முகவரியையே ஒருவரின் அடையாளமாகக் கொள்கின்றன. ஒரு முகவரிக்கு ஒரு தொடர்பு என்பது அவற்றின் அடிப்படைக் கணக்கு. நகரத்து வாடிக்கையாளருக்கு இது பொருந்தும். கடைமடை ஊரின் உழவருக்குப் பல நேரங்களில் பொருந்துவதில்லை. அவரிடம் கைப்பேசி எண் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி என்று ஒன்று இருந்தாலும் அது கைப்பேசி வாங்கிய நாளில் கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்ததாக இருக்கும், அதை அவர் பார்ப்பதில்லை. ஆகவே படிவம் கேட்கும்போது, இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ அமர்ந்து பதிந்து கொடுப்பவர் தம் சொந்த முகவரியையே இட்டுவிடுகிறார். அல்லது திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகனின் முகவரி இடப்படுகிறது. உதவி செய்பவரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டாயம் என்று படிவம் சொன்னால் எதையாவது இட்டுத்தான் ஆக வேண்டும்.

இதன் விளைவு சேவையின் பட்டியலில் தெரிந்தது. ஓர் ஊரின் உழவர்கள் பலர் ஒரே தொடர்பாகச் சுருங்கியிருந்தார்கள். ஒவ்வொரு பதிவு வந்தபோதும், அந்த முகவரி ஏற்கெனவே இருப்பதைக் கண்ட சேவை புதிய தொடர்பை உருவாக்காமல் பழையதைத் திருத்தியது. பெயரும் கைப்பேசி எண்ணும் ஊரும் ஒவ்வொரு முறையும் மேலெழுதப்பட்டு, கடைசியாகப் பதிந்தவரின் விவரம் மட்டுமே எஞ்சியது. எந்தப் பிழைச் செய்தியும் எழவில்லை. செருகுநிரலின் பதிவேட்டில் எல்லாமே வெற்றி என்றுதான் இருந்தது. ஏபிஐயின் கணக்கில் அது வெற்றியே. நல்வாய்ப்பாக, தளத்தின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு ஆர்டரும் அதற்குரிய பெயர், எண்ணுடன் தனித்தனியே இருந்ததால் அனைவரையும் மீட்க முடிந்தது. தளத்தில் உள்ளதே மூலம், சேவையில் உள்ளது அதன் நகல் என்ற நிலையை எந்தக் குழுவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் உறுதியாகக் கருதுவதற்கு இதுவே காரணம். ‘பட்டியல் சேவையிலேயே இருக்கிறதே, தளத்தில் பழையவற்றை அழித்துவிடலாம்’ என்று குழுவில் முன்னர் ஒரு பேச்சு எழுந்திருந்தது; அது நடந்திருந்தால் அந்த உழவர்களைத் தேடி ஊர் ஊராகத்தான் போயிருக்க வேண்டும்.

சரிசெய்யும் வேலையை இரண்டாகப் பிரித்தோம். அரிசி வாங்குவோர் கட்டணப் பக்கத்தின் வழியாகவே தொடர்ந்தார்கள். விதைநெல்லுக்கு மட்டும் தனிப் படிவம் அமைத்து, அதில் கைப்பேசி எண்ணைக் கட்டாயமாகவும் மின்னஞ்சலை விருப்பமாகவும் வைத்தோம். விதைநெல் விற்பனை எப்படியும் தொலைபேசியில் பேசி, இருப்பையும் நிலத்தின் தன்மையையும் கேட்டறிந்த பிறகே உறுதியாவதால், இணையத்தில் உடனடியாகப் பணம் கட்டும் வழி அதற்குத் தேவைப்படவில்லை. நாம் தரும் அடையாளத்தை ஏற்கும் புலம் அந்தச் சேவையில் இருந்ததால், உழவர் பட்டியலுக்குக் கைப்பேசி எண்ணையே அடையாளமாக்கினோம்.

எண்ணை அடையாளமாக்குவதென்றால் அது எப்போதும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். ஒருவரே ஒரு முறை 10 இலக்கமாகவும், மறுமுறை முன்னால் சுழியம் சேர்த்தும், வேறொரு முறை நடுவில் இடைவெளி விட்டும் எழுதுவார். செருகுநிரல் தகவலை எடுத்துச் செல்வதற்கு முன்பாகவே, தளத்தில் ஒரு சிறு நிரல்துண்டு அவை எல்லாவற்றையும் +91 என்று தொடங்கும் பன்னாட்டு வடிவத்திற்கு மாற்றுகிறது. பழைய ஆர்டர்களை எக்செல் கோப்பாக எடுத்து மீட்டபோதும் இதே கவனம் வேண்டியிருந்தது: எண்கள் உள்ள நெடுவரிசையை ‘உரை’ வகை என்று அறிவிக்காமல் திறந்தால் 91 சேர்ந்த 12 இலக்க எண்கள் அடுக்குக்குறி வடிவில் (9.19877E+11 என்பது போல) சுருங்கித் தோன்றும், அந்நிலையிலேயே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், கோப்பைச் சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும், தமிழ் எழுத்துகளைக் காக்கும் யுடிஎஃப்-8 வகைச் சிஎஸ்வியாகவே சேமிக்க வேண்டும். அப்பாவும் மகனும் ஒரே எண்ணைத் தரும் வீடுகளும் உண்டு. அதே எண் வேறு பெயரோடு வந்தால் தானாக மேலெழுதாமல், குழு உறுப்பினர் ஒருவரின் பார்வைக்கு நிறுத்திவைக்கும்படி அமைத்தோம். இதைத் தானியக்கமாக்க வழி இருந்தது. ஆயினும் ஊரை அறிந்தவர் பார்த்து முடிவெடுப்பதே சரி.

பெயர், நிலம், பொருள்

செருகுநிரலின் புலப் பொருத்தப் பக்கத்தில் ‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ என்று இரண்டு இருக்கும். நம் மக்களில் பலர் தந்தை பெயரின் தலைப்பெழுத்தை முதலில் எழுதுபவர்கள். படிவத்திலும் முதற்பெயர் இடத்தில் தலைப்பெழுத்தை இட்டுவிடுவார்கள். விளைவாக, அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு ‘வணக்கம் கோ’ என்று தொடங்கும் மடல் போயிருந்தது. கேட்பதற்குச் சிறிய குறையாகத் தோன்றலாம். முதன்முதலாக எழுதும் ஒருவரின் பெயரைச் சிதைத்து எழுதுவதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. இரண்டாம் புலத்தைத் ‘தலைப்பெழுத்து’ என்று பெயர் மாற்றி, கட்டாயமற்றதாக்கி, வாழ்த்து வரியில் இரண்டையும் சேர்த்து ‘அவர்களுக்கு’ என்று முடியும்படி மாற்றினோம். பெயர் இல்லாத தொடர்புகளுக்கு வணக்கம் மட்டும் செல்லும்.

நிலத்தின் பரப்பைக் கேட்கும் புலத்தில் இருந்த சிக்கல் இதைவிட ஆழமானது. சேவையில் அந்தப் புலம் ‘எண்’ வகையாக உருவாக்கப்பட்டிருந்தது; ஏக்கர் கணக்கு வரும் என்பது அமைத்தவரின் எதிர்பார்ப்பு. உழவர்கள் எழுதியதோ ‘5 மா’, ‘அரை வேலி’ என்று. இப்பகுதியில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். வயலைப் பற்றிப் பேசும்போது மாவும் வேலியுமே இன்றும் வாயில் வருபவை. எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல் வந்ததும் ஏபிஐ அந்தப் பதிவை முழுவதுமாக நிராகரித்தது. செருகுநிரல் அதைத் தன் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விட்டது. படிவம் நிரப்பியவருக்கு ‘நன்றி’ என்ற பக்கம் தோன்றியதால் அவரும் காத்திருந்தார். உழவர்களை ஏக்கரில் எழுதச் சொல்லி அறிவுறுத்தலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. எண்ணுக்கு ஒரு புலம், மா, வேலி, ஏக்கர் என்று அலகைத் தேர்ந்தெடுக்க ஒரு புலம் என்று பிரித்து, தளமே ஏக்கருக்கு மாற்றி அனுப்பும்படியும், உழவர் எழுதியதை அப்படியே தனிக் குறிப்பாகக் காக்கும்படியும் செய்தோம். தொலைபேசியில் அழைக்கும் உறுப்பினர் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

அரிசி வாங்கியவருக்கு நாற்றங்கால் மடல் போனதற்குக் காரணம் எளியது. ‘கருப்புக் கவுனி’ என்ற பெயர் அரிசிக்கும் விதைக்கும் பொது. செருகுநிரல் பொருளின் பெயரை மட்டுமே எடுத்துச் சென்றது. பெயரை விட்டுப் பொருளின் வகையை அனுப்பச் செய்து, அதிலிருந்து ‘அரிசி’, ‘விதை’ என்ற குறிச்சொற்கள் தொடர்பில் ஏறும்படி மாற்றியதோடு அது தீர்ந்தது.

நீர் வரும் நாளும் விதி ஓடும் நாளும்

தானியக்கத்தின் பலமே காலக் கணக்குதான். ஐந்து கிலோ அரிசி வாங்கிய குடும்பத்திற்கு ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் அனுப்புவது நல்ல விதி. விதைநெல்லுக்கும் இதே போல ஒரு நாளைக் குறித்து வைத்திருந்தார்கள்: ஆண்டுதோறும் ஜூன் 12 அன்று குறுவை விதை பற்றிய மடல் செல்ல வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் அது என்பதால் தேர்வு காரணமற்றது அன்று. ஆனால் அணை எப்போதும் அந்நாளில் திறப்பதில்லை. 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் நீர் இருப்பு போதாமல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஜூன் 12 என்று விதி எழுதிய தளம், முதல் ஆண்டில் 19 நாள் பிந்தியிருக்கும். மற்ற ஆண்டில் 46 நாள் முந்தி, நீரில்லாத வயலுக்கு விதை விற்கப் பார்த்திருக்கும். அதோடு, திறந்த நீர் கல்லணைக்கு வரவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்குச் சேர மேலும் பல நாள். தஞ்சாவூருக்கு அருகே உள்ளவருக்கும் வேதாரண்யம் பக்கம் உள்ளவருக்கும் ஒரே நாளில் ஒரே மடல் பொருந்தாது.

ரகத்திற்கும் ஒரு காலம் உண்டு. பூங்கார் குறுகிய காலப் பயிர். மாப்பிள்ளைச் சம்பா ஏறத்தாழ 160 நாள் நிற்கும். ஐப்பசி மழை தீவிரமடையும் முன் பயிர் வேர்பிடித்து நிற்க வேண்டுமானால் நீண்டகால ரகத்தின் விதை உழவர் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இவ்வளவையும் விதிகளாக எழுதலாம்தான். எழுதினால் அந்த விதிகளைப் பராமரிப்பவர் குழுவில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே நாளைக் கொண்டு ஓடும் விதியை நீக்கிவிட்டு, தளத்தின் நிர்வாகப் பகுதியில் வட்டாரம் வாரியாக ஒரு பொத்தானை வைத்தோம். தம் வட்டாரத்தில் வாய்க்காலில் நீர் வந்ததை அல்லது விதைப்புக்கு ஏற்ற மழை பெய்ததை உறுப்பினர் நேரில் கண்ட பின் அதை அழுத்துகிறார். அந்த வட்டாரக் குறிச்சொல் கொண்டவர்களுக்கு மட்டும், அந்தப் பருவத்திற்குரிய ரகங்களைப் பற்றிய செய்தி தொடங்குகிறது. எப்போது தொடங்குவது என்பதை மனிதர் முடிவு செய்கிறார்; தொடங்கியபின் நடப்பவற்றைச் சேவை பார்த்துக்கொள்கிறது. வேளாண்மை சார்ந்த எந்தத் தளத்திற்கும் இந்தப் பங்கீட்டையே நான் பரிந்துரைப்பேன்.

குழுவே கேட்டு வாங்கிய ஒன்றும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபின் இந்த ஊர்கள் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்தன. அத்தகைய நாளில் தள்ளுபடி மடல் ஒன்று தானாகப் போய்ச் சேர்வதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எல்லா விதிகளையும் ஒரே இடத்தில் நிறுத்தும் வசதியை அமைத்து, அதை இயக்கும் உரிமையை உறுப்பினர்கள் நால்வருக்கு வழங்கினோம். இணையம் இல்லாதபோதும் வெளியூரில் உள்ள ஒருவரால் நிறுத்த முடிய வேண்டும் என்பதால் அந்த நால்வரில் ஒருவர் திருச்சியில் இருப்பவர்.

மடல் எங்கே போயிற்று

நகரத்து வாடிக்கையாளர்களில் பலர் மடலே வரவில்லை என்றார்கள். அவர்களுடைய ஸ்பேம் பெட்டியில் அவை இருந்தன. காரணம் இரண்டு. குழு தன் பழைய ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக வைத்திருந்தது. வேறொரு சேவையின் சர்வரிலிருந்து ஜிமெயில் முகவரியின் பெயரில் வரும் மடலைப் பெறுபவரின் சர்வர் போலி என்றே சந்தேகிக்கும். அப்படி வருபவற்றைத் தனிமைப்படுத்தும் கொள்கையை 2024 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்துவதாகக் கூகுள் அறிவித்திருந்தது. அனுப்புநர் முகவரியைக் குழுவின் சொந்த டொமைனுக்கு, அதாவது அதன் இணையதளப் பெயருக்கு, மாற்றினோம்.

இரண்டாவது காரணம், டொமைனைப் பற்றிய விவரங்களைப் பொதுவில் பதிந்துவைக்கும் டிஎன்எஸ் அமைப்பில் இருந்தது. நம் டொமைனின் பெயரில் மடல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதை எஸ்பிஎஃப் பதிவு சொல்கிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் அஞ்சலுக்காக ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. தானியக்கச் சேவையின் வழிகாட்டிப் பக்கத்தைப் பார்த்து அதற்கென இன்னொன்றை யாரோ சேர்த்திருந்தார்கள். ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை நிரந்தரப் பிழையாக முடியும், இரண்டுமே பயனற்றுப்போகும். இரண்டையும் ஒரே பதிவாக இணைத்தோம். அந்தப் பதிவைச் சோதிக்கும்போது நிகழும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு என்பதால், இப்போது பயன்படாத ஒரு பழைய சேவையின் குறிப்பை நீக்கினோம். பிறகு, மடலின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும், சேவை தந்த டிகேஐஎம் பதிவுகளையும், சோதனையில் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவையும் சேர்த்தோம். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் 2024 முதல் கட்டாயம். குழு அந்த அளவை எட்டப்போவதில்லை. இருந்தாலும் சிறிய அனுப்புநருக்கும் இவை இல்லாமல் நம்பிக்கை கிடைப்பது கடினம்.

ஒப்புதலும் விலகலும்

கட்டணப் பக்கத்தில் ‘செய்திகள் அனுப்பலாம்’ என்ற பெட்டி முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது. செருகுநிரலில் அப்படி வைத்துக்கொள்ள வழி இருப்பதால் பலரும் வைத்துவிடுகிறார்கள். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் தன்னிச்சையானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்குரியதாகவும், விவரம் அறிந்து தருவதாகவும், ஐயத்திற்கு இடமின்றித் தெளிவான ஒரு செயலால் வெளிப்படுவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிறர் இட்டுவைத்த குறியை அழிக்காமல் விட்டது ஒருவருடைய செயலாகாது. பெட்டியைக் காலியாக்கி, எதைப் பற்றி, எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை எழுதுவோம் என்பதைத் தமிழிலேயே அருகில் எழுதினோம். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் அறிவிப்பைப் பெறும் வாய்ப்பை அச்சட்டமே வழங்குகிறது.

நெல் திருவிழாக்களில் கடை போட்டபோது வந்தவர்கள் தம் பெயரையும் எண்ணையும் எழுதிவைத்த நோட்டுகள் குழுவிடம் இருந்தன. அவற்றை மொத்தமாகச் சேவையில் ஏற்றலாம் என்ற விருப்பம் சிலருக்கு இருந்தது. விதை வாங்க எண் கொடுத்தவர் விளம்பரம் பெறவும் ஒப்பினார் என்று கொள்ள முடியாது என்பதை எடுத்துச் சொன்னோம். நெடிய உரையாடலுக்குப் பின், அவர்களை ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று முடிவாயிற்று. பட்டியல் சிறியதாகிவிட்டது. அதில் உள்ளவர்கள் எல்லாரும் கேட்டு வந்தவர்கள் என்பதே அதன் மதிப்பு.

விலகியவர்களுக்கு மீண்டும் மடல் போனதுதான் எனக்கு மிகுந்த கவலை தந்த குறை. சேவையில் அவர்கள் விலகியது சரியாகவே பதிவாகியிருந்தது. அதைத் தளத்திற்குச் சொல்ல வேண்டிய வெப்ஹுக் அழைப்பை, தளத்தில் இருந்த பாதுகாப்புச் செருகுநிரல் அறியாத வெளிச் சர்வரின் வருகை என்று கருதி 403 (அனுமதி இல்லை) என்ற விடையோடு தடுத்துக்கொண்டிருந்தது. தளத்தின் கணக்கில் அவர் இன்னும் சந்தாதாரர். அடுத்த முறை அரிசி வாங்கியதும் செருகுநிரல் அவரை மீண்டும் சந்தாதாரராகவே அனுப்பியது. அந்த அழைப்பு வரும் முகவரிக்கு மட்டும் தடையை நீக்கி, வரும் அழைப்பு உண்மையிலேயே சேவையிலிருந்து வந்ததா என்பதை இரகசியக் குறியீடு கொண்டு சரிபார்க்கச் செய்தோம். விலகல் எங்கே பதிவாகியிருந்தாலும் அதுவே செல்லும், வேறு எந்தப் பதிவும் அதை மாற்றாது என்பதையும் விதியாக எழுதினோம்.

சாவி, கிரான், கேச்சி

ஏபிஐ சாவி, தளத்தை முதலில் உருவாக்கிய இளைஞரின் சொந்தக் கணக்கில் பிறந்தது. குழுவின் வாட்ஸ்அப்பிலும் பகிரப்பட்டிருந்தது. சாவி வைத்திருப்பவர் முழுப் பட்டியலையும் பதிவிறக்க முடியும். கணக்கைக் குழுவின் பெயருக்கு மாற்றி, பழைய சாவியை ரத்து செய்து, தேவையான உரிமைகள் மட்டும் கொண்ட புதிய சாவியைத் தளத்தின் உள்ளமைப்புக் கோப்பில் வைத்தோம். சோதனைக்கான தள நகலுக்கு வேறு கணக்கு, வேறு சாவி. இல்லையேல் சோதனை ஆர்டர்களுக்கும் உண்மையான மனிதர்களுக்கு மடல் போகும்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓடச் செய்வது கிரான். வேர்ட்பிரஸின் உள் கிரான், தளத்திற்கு யாராவது வரும்போது மட்டுமே விழித்துக்கொள்ளும். வருகை குறைந்த தளத்தில் செருகுநிரல் அனுப்ப வேண்டியவற்றின் வரிசை மணிக்கணக்கில் தேங்கும். விரைவுக்காக முன்பே சேமித்துவைத்த பக்கங்களின் இருப்பான கேச்சியிலிருந்தே பக்கம் வழங்கப்பட்டால் வருகை இருந்தும் கிரான் ஓடாது. உள் கிரானை அணைத்து, சர்வரின் சொந்தக் கிரானை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஓடச் செய்தோம். கேச்சியால் இன்னொரு தொல்லையும் இருந்தது: படிவத்தில் பொதிந்துள்ள நான்ஸ் என்ற பாதுகாப்புக் குறியீடு அதிகபட்சம் 24 மணி நேரமே செல்லும், சேமித்துவைத்த பழைய பக்கத்தைப் பெற்றவர் படிவத்தை அனுப்பினால் அது மறுக்கப்படும். அமைத்த நாளில் சோதித்தால் எல்லாம் சரியாக இருந்து, மறுநாளிலிருந்து சிலருக்கு மட்டும் படிவம் போகாமல் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. படிவப் பக்கங்களைக் கேச்சியிலிருந்து விலக்கினோம்.

இனி உள்ள வேலை

மின்னஞ்சல் இல்லாத உழவர்களுக்குக் குறுஞ்செய்தியே முதன்மை வழியாக இருக்க வேண்டும். அதில் ரோமன் எழுத்துகளுக்கு 160 வரை இடம் உண்டு. தமிழ் யூனிகோடுக்கு 70 மட்டுமே, அதைத் தாண்டினால் செய்தி 67 வீதமாகப் பிரிந்து ஒவ்வொரு பகுதிக்கும் கட்டணம் ஏறும். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் ரகத்தின் பெயர், வட்டாரம், தொடர்பு எண் மூன்றையும் ஒரு செய்தியில் அடக்கச் சொற்களை மிகவும் சுருக்க வேண்டியிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருக்களையும் வணிகக் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்னதாகப் பதிந்தாக வேண்டும். குழுவின் பதிவு நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை, வட்டாரப் பொத்தான் அழுத்தப்பட்டதும் சேவை உழவர்களுக்கு எதையும் அனுப்பாமல், அழைக்க வேண்டியவர்களின் பெயர், எண், நிலம், கேட்ட ரகம் அடங்கிய பட்டியலை உறுப்பினர்கள் இருவருக்குக் காலையில் அனுப்புகிறது. பேசி முடித்ததும் அவர்கள் விடையைத் தளத்திலேயே பதிகிறார்கள். வார்ப்புருக்கள் ஏற்கப்பட்ட பிறகும், முதல் முறையாக விதை கேட்பவர்களுக்கு மட்டும் இந்த அழைப்பைத் தொடர்வது என்று குழு தீர்மானித்துள்ளது.